உறவினர் வர முடியாத கட்டிலருகில்

ஆண்டுகளுக்குப் பெயர் சூட்டிக் கொண்டாடுவது உலக நிறுவனங்களின் வழக்கம். அந்த வகையில் 2020ஆம் ஆண்டை உலக சுகாதார ஸ்தாபனம் தாதியர், மருத்துவமாதர் ஆண்டாகப் பிரகடனம் செய்திருந்தது. நவீன தாதிமைக் கல்விக்கு அத்திவாரமிட்ட புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1820 மே 12இல் பிறந்தவர். அவர் பிறந்து இருநூறு ஆண்டுகள் பூர்த்தியாவதை முன்னிட்டே இந்த ஏற்பாடு செய்யப்பட்டது. ஆனால், அதே ஆண்டு மார்ச் 11ஆம் திகதி அதே ஸ்தாபனம் கொவிட்-19 ஓர் உலகப் பெருந்தொற்று என்று அறிவிக்க வேண்டி ஏற்பட்டது. மேடையேற்றிக் கௌரவிக்கப்பட வேண்டியவர்கள் பாதுகாப்பு அங்கிகளை அணிந்து கொண்டு நோயாளர் விடுதிகளுக்குள் நுழைந்தார்கள். அவர்களுள் பலர் வீடு திரும்பவில்லை.

2020 ஜனவரி முதல் 2021 மே வரையான காலத்தில் மாத்திரம் உலகெங்கும் ஏறத்தாழ 115,000 சுகாதார ஊழியர்கள் இந்நோயினால் உயிரிழந்திருக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டது. வைத்தியர்கள், தாதியர், மருத்துவமாதர், சிற்றூழியர்கள் எல்லோரும் இதில் அடங்குவர். உலகிலுள்ள தாதியரில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அதாவது, அவர்கள் ஒரு வீட்டின் உம்மாவாக, ஒரு குழந்தையின் தாயாக, ஒருவரின் மனைவியாக இருந்தவர்கள்.

சகோதரிகளே! இந்த மாதம் தாதியரைப் பற்றி எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எமது வீடுகளில் உயர்தரப் பரீட்சை முடிவுகள் வரும் காலத்தில் அடிக்கடி எழும் ஒரு பேச்சு உண்டு. உயிரியல் பிரிவில் படித்த மகள் சித்தியடைந்திருக்கிறாள். மருத்துவ பீடத்துக்குப் புள்ளிகள் போதவில்லை. "நான் நர்சிங் டிரெய்னிங்குக்கு அப்ளிகேஷன் போடட்டா?" என்று கேட்கிறாள். வாப்பா மௌனமாகிவிடுகிறார். உம்மும்மா, "அந்த வேலை நமக்குச் சரிவராது மகள்" என்கிறார். மாமா, "இராவில வேலைக்குப் போற பொண்ண யாரு முடிப்பான்?" என்று கேட்கிறார். பேச்சு அத்துடன் முடிந்து விடுகிறது.

அதே குடும்பத்தில் ஒரு பெண் பிரசவத்துக்காக வைத்தியசாலைக்குப் புறப்படும்போது வேறொரு பேச்சு எழுகிறது. "வார்ட்டில பொம்புளயள் இருக்கிறாங்களா? தமிழ் பேசுற மிஸ்ஸி யாராவது இருக்கிறாங்களா?" என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். இந்த இரண்டு பேச்சுக்களும் ஒரே வீட்டுக்குள்தான் நடக்கின்றன. இவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பதற்குப் பெருந்தொற்றுக் காலத்தைப் போன்ற ஒரு சந்தர்ப்பம் நமக்கு முன்னர் கிடைத்ததில்லை.

பராமரிப்பே மருந்தாக இருந்த நாட்கள்

1918ஆம் ஆண்டில் இன்புளுவென்சா நோய் உலகெங்கும் பரவிக் கோடிக்கணக்கான மக்களைக் காவு கொண்டது. அந்நோய்க்கு அன்று மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. அதைத் தொடர்ந்து வரும் நிமோனியாவைக் குணப்படுத்தப் பென்சிலினும் இருக்கவில்லை. அது 1928இல்தான் கண்டறியப்பட்டது. அப்படியானால் நோயாளிக்கு அன்று கிடைத்தது என்ன? நீர் பருக்குவது, காய்ச்சலைத் தணிப்பது, படுக்கையைச் சுத்தமாக வைப்பது, கஞ்சி ஊட்டுவது, இரவில் விழித்திருந்து பார்ப்பது ஆகியவைதாம். அதாவது தாதியின் வேலையே அன்று மருந்தாக இருந்தது.

ஒரு நூற்றாண்டு கழிந்து, விஞ்ஞானம் எவ்வளவோ முன்னேறிய பின்னரும், 2020இன் முதல் மாதங்களில் நிலைமை பெரிதும் வேறுபடவில்லை. கடும் நோயாளரின் மரணத்தைக் குறைக்கும் என்று நிரூபிக்கப்பட்ட முதல் மருந்து டெக்ஸாமெதசோன். அந்த முடிவு ஜூன் மாதத்தில்தான் வெளிவந்தது. அதுவரை ஒட்சிசனும், செயற்கைச் சுவாசக் கருவியும், இடைவிடாத பராமரிப்பும்தான் இருந்தன.

அந்தப் பராமரிப்பு எத்தகையது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லலாம். மூச்சு விட முடியாத நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்தால் நுரையீரலின் பின்பகுதிக்குக் காற்று நன்றாகச் செல்லும். கேட்பதற்கு இலேசாக இருக்கிறது. ஆனால் அவர் மயக்க மருந்தில் இருக்கிறார். தொண்டையில் சுவாசக் குழாய், கழுத்திலும் கையிலும் மருந்துக் குழாய்கள், சிறுநீர்க் குழாய். இவற்றில் ஒன்றும் விலகாமல் அவரைப் புரட்டுவதற்கு ஐந்தாறு பேர் ஒன்றாக நிற்க வேண்டும். சுவாசக் குழாய் சற்று நழுவினாலும் உயிருக்கு ஆபத்து. பதினாறு மணித்தியாலம் வரை அவரை அப்படியே வைத்திருந்து, பின்னர் மீண்டும் மல்லாக்கப் புரட்ட வேண்டும். இடையில் முகம் புண்ணாகாமல் தலையை இப்பக்கமும் அப்பக்கமுமாகத் திருப்ப வேண்டும். வாயைத் துடைக்க வேண்டும். கண் வறண்டு போகாமல் பார்க்க வேண்டும். இவை அனைத்தும் பெரும்பாலும் தாதியரின் கைகளாலேயே நடந்தன.

பிரித்தானியாவில் செயற்கைச் சுவாசம் கொடுக்கப்படும் ஒரு நோயாளிக்கு ஒரு தாதி என்பதே வழமையான ஒழுங்கு. நோய் உச்சத்துக்குச் சென்ற வேளையில் ஒரே தாதி மூன்று, நான்கு பேரைப் பார்க்க நேர்ந்தது. காற்றுப் புகாத முகக்கவசமும், கண்ணாடியும், இரட்டைக் கையுறையும், உடலை மூடிய அங்கியும் அணிந்துகொண்டே இவ்வளவு வேலைகளையும் செய்ய வேண்டியிருந்தது. அங்கியைக் கழற்றினால் மீண்டும் புதிதாக ஒன்றை அணிய வேண்டும், அதற்கோ தட்டுப்பாடு. எனவே மணிக்கணக்காகத் தண்ணீர் குடிக்காமலும் மலசலகூடத்துக்குச் செல்லாமலும் இருந்தார்கள். மூக்கின் மேலும் கன்னங்களிலும் முகக்கவசம் வெட்டிய தழும்புகள் விழுந்தன. இத்தாலியின் கிரெமோனா நகர வைத்தியசாலையில், 2020 மார்ச் மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை, எலேனா பல்யாரினி என்ற தாதி முகக்கவசத்தைக் கழற்றாமலேயே கணினியின் மேல் தலை சாய்த்து உறங்கிப் போனார். உடன் பணியாற்றிய வைத்தியர் எடுத்த அந்தப் படம் உலகெங்கும் பரவியது. பின்னர் அந்தத் தாதிக்கும் நோய் தொற்றியது. குணமடைந்து மீண்டும் வேலைக்குத் திரும்பினார்.

உறவின் இடத்தில் நின்றவர்கள்

உடல் உழைப்பை விடவும் கனமான வேறொரு சுமையை அந்தக் காலம் அவர்கள் மீது வைத்தது. வழமையாக எமது ஊர்களில் ஒருவர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டால் கட்டிலைச் சுற்றி ஒரு கூட்டமே நிற்கும். ஒருவர் சோற்றுப் பாத்திரம் கொண்டு வருவார்; ஒருவர் காலைப் பிடித்துவிடுவார்; ஒருவர் ஓதி ஊதுவார். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று மணி அடித்தாலும் வெளியேற மனம் வராது. கொவிட் விடுதிகளில் இந்த வழக்கம் ஒரே நாளில் நின்று போனது. மனைவி வரக் கூடாது, மகன் வரக் கூடாது, தாய்கூட வரக் கூடாது என்றாயிற்று.

அப்போது நோயாளியின் கையைப் பிடித்துக் கொண்டிருந்தவர் யார்? முன்பின் தெரியாத ஒரு பெண். வீட்டாரின் செய்தியைக் காதருகே சொன்னவரும் அவரே. கையடக்கத் தொலைபேசியை நோயாளியின் முகத்துக்கு நேரே பிடித்து, மறுபக்கத்தில் பிள்ளைகள் அழுவதைக் கேட்டும் கேளாதவர் போல நின்றவரும் அவரே. ஒரு நாளில் பலமுறை அவர் அப்படி நிற்க நேர்ந்தது. வைத்தியம் பற்றிய பாடங்களில் அவர் இதனைக் கற்றிருக்கவில்லை. பல நாடுகளிலும் தாதியர் பின்னர் பேசியபோது, வேலைப் பளுவை விட இந்தத் தொலைபேசி நிமிடங்களே தம்மை உறங்க விடவில்லை என்று சொன்னார்கள்.

இந்த இடத்தில் எமது நாட்டு நிலைமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். வாழ்நாள் முழுவதும் தமிழில் மட்டும் பேசிய ஒரு மூத்த உம்மா, தூரத்து மாவட்டம் ஒன்றிலுள்ள சிகிச்சை நிலையத்துக்கு அம்புலன்ஸில் கொண்டு செல்லப்படுகிறார். சூழ்ந்திருப்பவர்களின் முகம் தெரியவில்லை; கண்கள் மட்டுமே தெரிகின்றன. அவர்கள் பேசும் மொழியும் புரியவில்லை. நெஞ்சு இறுகுகிறது என்பதை எப்படிச் சொல்வது? தொழுவதற்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று யாரிடம் கேட்பது? மொழி தெரியாத நிலையிலும் சைகையாலும், ஓரிரு தமிழ்ச் சொற்களைக் கற்றுக் கொண்டும் எமது மூத்தோரைக் கவனித்த சிங்களத் தாதியருக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். ஆயினும், அந்த விடுதியில் எமது பிள்ளைகளில் ஒருத்தி பணிபுரிந்திருந்தால் அந்த உம்மாவுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

இரண்டு தாதியர்

இங்கிலாந்தின் வால்சால் நகரில் அரீமா நஸ்ரீன் என்ற முஸ்லிம் சகோதரி இருந்தார். பாகிஸ்தானியப் பூர்வீகத்தைக் கொண்ட குடும்பம். பாரிசவாதத்தினால் பாதிக்கப்பட்ட தனது பாட்டியைக் கவனித்து வந்தபோது தாதியாக வேண்டும் என்ற ஆசை அவருக்கு ஏற்பட்டது. 2003இல் வால்சால் மேனர் வைத்தியசாலையில் சுத்திகரிப்பு வேலையில் சேர்ந்தார். பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக் கொண்டே படித்தார். பதினாறு ஆண்டுகள் கழித்து, 2019இல், அதே வைத்தியசாலையில் தகுதி பெற்ற தாதியானார். தரையைத் துடைத்த அதே விடுதிகளில் தாதியின் சீருடையோடு நடந்தார். அந்த மகிழ்ச்சி ஓராண்டுக்குச் சற்று அதிகமாகவே நீடித்தது. 2020 ஏப்ரல் மாத ஆரம்பத்தில், தான் பணியாற்றிய அதே வைத்தியசாலையில், கொவிட் நோயினால் காலமானார். வயது 36. மூன்று பிள்ளைகளின் தாய். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அவர் மறைந்து பத்து நாட்களில், அதே நாட்டின் லூட்டன் நகர வைத்தியசாலையில் மேரி அஜியபொங் என்ற தாதி மரணமானார். கானா நாட்டிலிருந்து சென்றவர். வயது 28. அப்போது அவர் நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி. அவசர சத்திரசிகிச்சை மூலம் பெண் குழந்தையை உயிரோடு எடுத்தார்கள். தாயைக் காப்பாற்ற முடியவில்லை.

அந்நாட்களில் பிரித்தானிய மக்கள் ஒவ்வொரு வியாழன் இரவும் வீட்டு வாசலில் நின்று சுகாதார ஊழியருக்காகக் கைதட்டினார்கள். இந்தியாவிலும் 2020 மார்ச் 22ஆம் திகதி மாலை மக்கள் கைதட்டி, தட்டுகளை ஒலிக்கச் செய்தார்கள். ஆனால் அதே மாதத்தில் இந்திய நகரங்கள் சிலவற்றில், நோய் கொண்டு வருவார்கள் என்ற பயத்தினால், வைத்தியர்களையும் தாதியரையும் வாடகை வீட்டை விட்டு வெளியேறும்படி வீட்டுச் சொந்தக்காரர்கள் வற்புறுத்தினார்கள். கைதட்டுவது இலேசு. தாதி ஒருவர் எமது பக்கத்து வீட்டில் வசிக்கும்போது அவரோடு எப்படி நடந்து கொள்கிறோம் என்பதில்தான் உண்மை வெளிப்படுகிறது.

பிரசவ அறையில்

கொள்ளை நோய் வந்தாலும் ஊரடங்குச் சட்டம் வந்தாலும் பிரசவங்கள் நிற்பதில்லை. ஏனைய கிளினிக்குகளைத் தள்ளிப் போடலாம். பிள்ளைப்பேற்றை ஒரு நாளுக்கேனும் தள்ளிப் போட முடியுமா? எனவே, மருத்துவமாதரின் வேலை ஒரு மணித்தியாலம்கூட ஓயவில்லை.

பிரசவத்தின்போது மருத்துவமாது செய்யும் பணியில் பாதி அவரது முகத்திலேயே இருக்கிறது. "பயப்படாதீங்க, எல்லாம் சரியாப் போகுது" என்று சொல்லும்போது அவர் முகத்தில் தெரியும் நிதானத்தைப் பார்த்துத்தான் வலியில் துடிக்கும் பெண் தைரியம் கொள்கிறாள். முகக்கவசம் அந்தப் புன்னகையை மறைத்து விட்டது. குரலையும் மங்கச் செய்தது. பல நாடுகளில் கணவரோ தாயோ உடன் இருப்பதற்குத் தடை விதிக்கப்பட்டது. அல்லது கடைசி நேரத்தில் மட்டும் அனுமதிக்கப்பட்டது. வாசலில் நின்று கெஞ்சும் தாயிடம் "உள்ளே வர முடியாது" என்று சொல்ல வேண்டிய கடமையும் மருத்துவமாதின் தலையிலேயே விழுந்தது. தான் கற்ற கல்விக்கு நேர்மாறான ஒன்றைத் தன் வாயாலேயே சொல்ல நேர்ந்தது பெரும் மனவேதனை அல்லவா?

தொற்றுள்ள தாயிடமிருந்து குழந்தையைப் பிரித்து வைத்த வைத்தியசாலைகளும் இருந்தன. இது அவசியமில்லை, தாய் முகக்கவசம் அணிந்து கைகளைக் கழுவிக் கொண்டு பாலூட்டலாம், குழந்தையை நெஞ்சோடு அணைத்துக் கொள்ளலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் தெளிவுபடுத்தியது. அந்த அறிவுரையை அச்சத்தில் இருந்த தாய்மாருக்கு விளக்கி, முதல் தடவை குழந்தையை மார்பில் வைத்துக் கொடுத்தவர்கள் மருத்துவமாதரே.

எமது வாசல் தேடி வந்தவர்கள்

இலங்கையில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையிலேயே நடைபெறுகின்றன. இந்த நற்பேறு தானாக வந்ததல்ல. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்ட நாள் முதல், கிராமம் கிராமமாக வீடு தேடி நடந்த குடும்ப நல மருத்துவமாதரின் உழைப்பு இதற்குப் பின்னால் இருக்கிறது. ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் இவர்கள் நியமிக்கப்படுவது வழக்கம். ஒரு பெண் கர்ப்பமானது முதல் பதிவு செய்வதும், கிளினிக்குக்கு அழைப்பதும், எடை பார்ப்பதும், திரிபோஷா கிடைக்கச் செய்வதும், பிரசவித்து வீடு வந்த முதற் பத்து நாட்களுக்குள் வந்து தாயையும் சேயையும் பார்ப்பதும் இவர்களே. நாம் "மிட்வைஃப் மிஸ்" என்று அழைக்கிறோம். பல வீடுகளில் அவரது முழுப் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

2020 மார்ச் 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது கிளினிக்குகள் தடைப்பட்டன. மருத்துவமாதர் தமது தொலைபேசி இலக்கத்தைத் தாய்மாருக்குக் கொடுத்து வைத்தார்கள். "பிள்ளையின் துடிப்புக் குறைவாக இருக்கிறது", "கால் வீங்கியிருக்கிறது", "தலை வலிக்கிறது" என்று நேரங்காலமின்றி அழைப்புகள் வந்தன. எந்த அழைப்பு வெறும் பயம், எந்த அழைப்பு உண்மையான ஆபத்து என்பதைக் குரலைக் கேட்டே முடிவு செய்ய வேண்டியிருந்தது. தவறிப் போனால் இரண்டு உயிர்கள்.

2021 ஜனவரி 29ஆம் திகதி எமது நாட்டில் தடுப்பூசி ஏற்றும் பணி சுகாதார ஊழியர்களுடன் ஆரம்பமாகியது. அதே ஆண்டு ஜூன் மாதத்திலிருந்து கர்ப்பிணித் தாய்மாருக்கும் ஏற்றப்பட்டது. அப்போது வதந்திகள் எவ்வளவு வேகமாகப் பரவின என்பதை வாசகிகள் அறிவீர்கள். பிள்ளை ஊனமாகும், மலட்டுத் தன்மை வரும் என்றெல்லாம் தொலைபேசிகளில் செய்திகள் சுற்றின. அவற்றுக்கு எதிராகப் பெரிய பிரசாரம் எதுவும் செய்யாமல், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "நானும் ஏற்றியிருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சொன்னவர் அந்த மருத்துவமாதுதான். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் டெல்டா வகைத் தொற்று உக்கிரமடைந்தபோது, அவர் பேச்சைக் கேட்டவர்கள் அதன் பயனை உணர்ந்தார்கள்.

ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட நாட்கள்

இந்த விடயத்தைத் தொடாமல் எமது நாட்டின் பெருந்தொற்றுக் காலத்தைப் பற்றி எழுத முடியாது. 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி, கொவிட் நோயினால் மரணிப்போரின் உடல்கள் எரிக்கப்பட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அடக்கம் செய்யலாம் என்பதே உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டலாக இருந்தும் நிலைமை மாறவில்லை. பிறந்து 20 நாட்களேயான ஒரு பச்சிளம் குழந்தையின் ஜனாஸாவும் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. மார்ச் 5ஆம் திகதி முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் 3,000க்கும் மேற்பட்டோர் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள். 2024 ஜூலையில் அன்றைய அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோரியது.

இந்தச் சட்டம் நோயாளர் விடுதியில் என்ன செய்தது என்பதையே இங்கு சொல்ல விரும்புகிறேன். எமது மக்கள் பலர் வைத்தியசாலைக்குச் செல்லவே அஞ்சினார்கள். "போனால் மையித்தும் கிடைக்காது" என்ற பயத்தில் காய்ச்சலை மறைத்தார்கள். மூச்சுத் திணறல் முற்றிய பின்னரே சென்றார்கள். அவர்களைக் காப்பாற்றப் போராடியவர் அந்தச் சட்டத்தை இயற்றாத தாதி. சமூகத்தின் கோபமும் கண்ணீரும் கொட்டப்பட்டதும் சில சமயங்களில் அவர் மீதே. தன் கையால் கண்களை மூடிவிட்ட ஒருவரை அவரது பிள்ளைகளிடம் ஒப்படைக்க முடியாத வேதனை அவருக்கும் இருந்தது. ஒரு சட்டத்தின் மீதான எமது நியாயமான கோபத்தை, அச்சட்டத்துக்குப் பொறுப்பில்லாத ஊழியர் மீது காட்டுவது நீதியல்ல.

எமது மகள்மார்

இனி, முதலில் குறிப்பிட்ட பேச்சுக்கு வருவோம். மகள் தாதியாகலாமா?

மதீனாவில் ருஃபைதா அல்அஸ்லமிய்யா (ரழி) என்ற ஸஹாபிப் பெண்மணி காயமடைந்தோருக்குச் சிகிச்சை அளித்து வந்தார்கள். அகழ் யுத்தத்தில் காயமடைந்த ஸஅத் இப்னு முஆத் (ரழி) அவர்கள் அந்தப் பெண்மணியின் பராமரிப்பிலேயே ஒப்படைக்கப்பட்டார்கள். அதற்கான கூடாரம் பள்ளிவாசலிலேயே இருந்தது. எனவே, இத்தொழில் எமக்குப் பொருந்தாது என்று சொல்பவர்கள் எமது வரலாற்றை அறியாமல் பேசுகிறார்கள். ஒரு சமூகத்தில் ஒரு சிலரேனும் செய்தாக வேண்டிய கடமையை பர்ளு கிபாயா என்கிறோம். ஒருவரும் செய்யாவிட்டால் அனைவரும் குற்றவாளிகளாவர். எமது பெண்களைப் பெண்களே பார்க்க வேண்டும் என்று விரும்பும் ஊரில், அதற்குரிய பெண்களை உருவாக்குவது இந்தக் கடமையின் வரம்புக்குள் வராதா?

ஆப்கானிஸ்தானில் 2024 டிசம்பரில், பெண்கள் தாதியர், மருத்துவமாதர் பயிற்சி பெறுவது நிறுத்தப்பட்டது. பிரசவத்தில் தாய்மார் அதிகமாக மரணிக்கும் நாடுகளில் அதுவும் ஒன்று. பெண் நோயாளியை ஆண் பார்ப்பதை விரும்பாத ஒரு நாட்டில் பெண்கள் படிப்பதையும் நிறுத்தினால், நாளை பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணின் அருகில் நிற்கப் போவது யார்? அவர்களைக் குறை சொல்வது எமக்கு எளிது. ஆனால், எந்தச் சட்டமும் தடுக்காத எமது நாட்டில், வீட்டுப் பேச்சின் மூலமாக நாமும் அதே வேலையைச் செய்கிறோமா என்று சிந்திக்க வேண்டும்.

பெற்றோரின் கவலைகள் எல்லாமே அர்த்தமற்றவை என்று நான் சொல்லவில்லை. இரவுக் கடமை உண்டு. ஆண் நோயாளரைப் பார்க்க வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. சீருடை பற்றிய கேள்வியும் இருக்கிறது. இவற்றைப் பேசித் தீர்க்க வேண்டும். தவிர்த்து ஓடக் கூடாது. மருத்துவமாதின் தொழிலில் பெண்களோடும் குழந்தைகளோடும் மட்டுமே வேலை. அதற்கான பயிற்சி ஒன்றரை ஆண்டுகள். தாதியர் பயிற்சி மூன்று ஆண்டுகள். மட்டக்களப்பிலும் தாதியர் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டப் படிப்பும் இருக்கிறது. சீருடை விடயத்தில் எமது சமூக நிறுவனங்கள் அதிகாரிகளோடு நிதானமாகப் பேசி வழி காண முடியும். இரவுக் கடமை இருக்கும் மருமகளின் பிள்ளையை மாமி பார்த்துக் கொள்ள முன்வந்தால், கணவர் பஸ் தரிப்பிடம் வரை சென்று அழைத்து வந்தால், மாமாவின் கேள்விக்கும் பதில் கிடைத்து விடும்.

2022இல் நாட்டைத் தாக்கிய பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் எமது தாதியர் பலர் வெளிநாடு சென்றுவிட்டார்கள். இருப்பவர்களின் சுமை கூடியிருக்கிறது. அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்பதை அல்லாஹ்வே அறிவான். அது வரும்போது மருந்து இருக்கலாம், இல்லாதிருக்கலாம். ஆனால், தாதியும் மருத்துவமாதும் அவசியம் வேண்டும். அவர்களை அன்றைக்கு அவசரமாக உருவாக்க முடியாது. இன்று பாடசாலையில் படிக்கும் பிள்ளைகளிலிருந்தே உருவாக்க வேண்டும்.

அதுவரை ஒவ்வொரு வீட்டிலும் செய்யக் கூடிய சில காரியங்கள் உண்டு. மிட்வைஃப் மிஸ் வாசலுக்கு வரும்போது உட்கார ஒரு கதிரையும் குடிக்க ஒரு கிளாஸ் தண்ணீரும் கொடுங்கள். அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். அவர் கேட்கும் கேள்விகளுக்கு மறைக்காமல் உண்மையைச் சொல்லுங்கள். நோயை மறைப்பதால் முதலில் ஆபத்துக்குள்ளாவது அவரே. வைத்தியசாலையிலிருந்து சுகமாக வீடு திரும்பியதும் விடுதித் தாதியருக்கு இரண்டு வரியில் ஒரு நன்றிக் கடிதம் எழுதுங்கள். சிங்களம் தெரிந்த பிள்ளையிடம் சொல்லி எழுதுவித்தாலும் போதும். உங்கள் மகள் இந்தத் தொழிலைப் பற்றிப் பேச்செடுத்தால், மறுமொழி சொல்வதற்கு முன்னர் அவள் சொல்ல வருவதை முழுமையாகக் கேளுங்கள்.

நோயுற்றோரின் அருகில் நின்று உயிர் நீத்த அனைத்துத் தாதியரினதும் மருத்துவமாதரினதும் பிள்ளைகளுக்கு வல்ல நாயன் நல்வாழ்வை அருள்வானாக. அந்தப் பணியைத் தொடர எமது வீடுகளிலிருந்தும் பிள்ளைகளை எழுப்புவானாக. ஆமீன்.